ஒரு வாய்த் தண்ணி

சோபாக் கடைப் பெரியவரும் சின்னவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கூடப் பிறந்தவர்கள். ஒரே கடை, ஒரே மேஜை, ஒரே சாப்பாட்டுக் கேரியர். காலையில் ஷட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள். வாய் மட்டும் திறக்காது. பேசியே ஆகவேண்டிய கட்டம் வந்தால் சோபாவிடம் பேசுவார்கள்.

"இதுக்கு நாடா மொத்தமா மாத்தணும்போல," என்று பெரியவர் கிழிந்த சோபாவைப் பார்த்துச் சொல்வார்.

"நாடா தீந்துபோச்சு. வாங்கி வெச்சாத்தானே இருக்கும்," என்று சின்னவர் தையல் மெஷினைப் பார்த்துச் சொல்வார்.

சோபா கொண்டுவந்த ஆள் ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து முழிப்பார். சோபா வாயைத் திறந்து பதில் சொல்வதுதான் பாக்கி என்று எதிர் டீக்கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

காரணம் என்னவோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. பாகப்பிரிவினைத் தகராறு, பொம்பளை விவகாரம் என்று அவரவர் வசதிக்கு ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடையாது, ஒரு தையல்தான் காரணம். சின்னவர் தைத்த உறையைப் பார்த்து ஒரு வாடிக்கைக்கார அம்மாள், ஓரம் கோணலாக இருக்கிறதே என்று கேட்டாள். பெரியவர் பிளேடை எடுத்து அவள் கண்ணெதிரே அந்தத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிரித்துப்போட்டார். "அவன் கை அப்படித்தாம்மா. நானே தச்சுத் தர்றேன்," என்றார். சின்னவருக்குச் சுருக்கென்றது. எழுந்து, தையல் மெஷினை இழுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார், அண்ணன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று. அது வருஷக்கணக்காக அப்படியே கிடந்தது. தப்புதான் என்று சொல்லப் பெரியவருக்கு வாய் வரவில்லை. முதலில் பேசச் சின்னவருக்கு மனசு வரவில்லை. இதைப் போய் ரெண்டு பேரும் ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், என்னத்தைச் சொல்ல.

ஆனால் சோபா வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் ஆணி அடிக்க வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் கொஞ்ச நாளிலேயே உட்காரும் இடம் தொளதொளவென்று ஆகிவிடும். ஆணி அடிப்பது பெரியவர். குட்டி ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார், காந்தம் வைத்த சுத்தியல் முனை அதைக் கவ்வி எடுக்கும், சட்டத்தில் ஒரே போடு. பேசாமலிருக்க இதைவிட வசதியான தொழில் உண்டா? நாளாக ஆக அந்தச் சுத்தியலே அவருக்கு வாயாகிவிட்டது. சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் இழு என்று அர்த்தம். ரெண்டு தட்டினால் விடு. இழுத்துப் பிடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சின்னவர் சுவரைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருப்பார்.

பெரியவர் போனது ஒரு மழைக்காலத்து மத்தியானம். தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் பசை வாடையும் ஈர மரத்தின் வாடையும் மூக்கை அடைத்தன. பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருப்பவர்கள் உட்காருகிற நீளமான சோபா வேலைக்கு வந்திருந்தது. பெரியவர் சட்டத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, உட்காரும் இடத்தைத் தாங்குகிற நாடாவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சின்னவர் அவருக்கு முதுகைக் காட்டியபடி உறை தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, ரெண்டும் இல்லை. தாறுமாறாக விழுந்துகொண்டே இருந்தது. சின்னவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன புதுசாக, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி? என்ன வேண்டுமோ வாயைத் திறந்து கேட்கட்டும், இன்றைக்கு நான் திரும்புவதாக இல்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார். அதோடு விட்டாரா? மெஷினை நன்றாக அழுத்தி மிதித்தார். நீளத் தையல் ஒன்றைப் பிடித்து, அந்தச் சத்தத்தில் அண்ணன் தட்டுவது கேட்காதபடி ஓட்டினார். தையல் முடிந்து மெஷின் நின்றபோது மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அண்ணன் தட்டுவது நின்றுவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

இது சின்னவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு வீடு நிறைய ஜனம். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போய்விட்டிருந்தது. சின்னவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, காற்றாக ஒரு கேள்வி கேட்டாள். "கடைசியில உங்ககிட்ட ஏதாவது பேசினாரா தம்பி?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? "பேசினார் அண்ணி," என்று சின்னவர் சொல்லிவிட்டார். "டேய், தண்ணி குடுடான்னார். குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"ஒரு வாய் குடிச்சார்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். போகிற உயிர் தம்பியைக் கூப்பிட்டுத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு எழுந்து முகம் கழுவினாள்.

வந்த ஜனம் கலைந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளும் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த சந்தில் அந்த வீட்டில் அண்ணி ஒற்றையாள், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சின்னவர் ஒற்றையாள். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளாதவர். அண்ணி கையால்தான் இத்தனை காலமும் சாப்பாடு. முன்பு கேரியர் கடைக்கு வரும். இப்போது ஒரு ஆளுக்கு என்ன கேரியர் என்று, வீட்டுக்கே வந்து சாப்பிடச் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் வினை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். தண்ணியைச் சொம்பில் கொடுத்தீர்களா, டம்ளரிலா? டம்ளரில் அண்ணி. டேய் என்றுதான் கூப்பிட்டாரா? ஆமாம் அண்ணி. பழைய மாதிரியேவா? பழைய மாதிரியேதான். என்னைக் கேட்டாரா தம்பி? இதற்கு என்ன சொல்வது? 'உங்கண்ணி சாப்பிட்டாளாடா'ன்னு கேட்டார் என்றார் சின்னவர். சொன்ன வாயைச் சுட்டாலும் தகும் என்று அவருக்கே இருந்தது. அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். சின்னவர் அங்கே இருந்தால், நீங்களே சொல்லுங்க தம்பி என்று அவரையே சொல்லச் சொல்வாள். அவரும் சொல்வார். கேட்டவர்கள், எவ்வளவு பெரிய புண்ணியம், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தாயே என்று அவர் தோளைத் தட்டுவார்கள். சின்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

கடையில் அவர் வேறு ஆளாகிவிட்டார். ரேடியோவை உச்சத்தில் அலறவிட்டார். சுத்தியலைத் தொடவே இல்லை, ஸ்டேப்ளர் கன் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு டப் டப் என்று சுட்டுத் தள்ளினார். வாடிக்கைக்காரர்களிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். தான் தைத்ததைத் தானே பிரித்தார், மறுபடி தைத்தார், கோணல் என்று மறுபடி பிரித்தார். துக்கம் மனுஷனைப் படுத்துகிறது, பாவம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். துக்கமாக இருந்தால்தான் தேவலையே. அழ வேண்டும் என்று உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. அண்ணன்மேல் கோபம். ஏனய்யா, அந்த ஒரு நேரமாவது வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கக் கூடாதா? கேட்கலாம் என்றால் எதிரே ஆள் இல்லை. திட்டியும் பார்த்தார், தனியாக. பதிலுக்குத் திட்ட ஆளில்லாவிட்டால் எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? அந்தக் கோபம் சுற்றிக்கொண்டு வந்து தன்மேலேயே விழுந்தது. மெஷினை மறுபடி உள்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டார். இப்போது தலை நிமிர்ந்தால் அண்ணன் உட்கார்ந்திருந்த வெறுந்தரை நேர் எதிரே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் தைத்தார்.

பல் டாக்டர் சோபா மட்டும் முடியாமல் மூலையில் கிடந்தது. பாதி நாடா அண்ணன் அடித்தது. மீதியை அடிக்கக் கை போகவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டம்மாள் வந்திருந்தாள். அவளிடம் அண்ணி, "இவர் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா அவர் தாகத்தோடயே போயிருப்பார்," என்றாள். சொல்லிவிட்டுச் சின்னவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். சின்னவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வயிறு சரியில்லை என்றார். மறுநாள் சாப்பிடப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. டீயும் ரொட்டியுமாகப் பொழுதை ஓட்டினார்.

அண்ணியே கடைக்கு வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையை மடக்கி வாசலில் வைத்தாள். கிளினிக்கிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து நச்சரித்ததால் சின்னவர் வேறு வழியில்லாமல் அந்த நீள சோபாவில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாடாவைப் பல்லால் கடித்து இழுத்து, முழங்காலை முட்டுக் கொடுத்து, ஒற்றைக் கையால் ஆணி அடிக்கப் பார்த்தார். இந்தக் கனத்த நாடாவுக்கு ஸ்டேப்ளர் பிடி போதாது. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் போய் நாடாவின் நுனியைப் பிடித்தாள். எதற்குச் சாப்பிட வரவில்லை என்று பிறகு கேட்டுக்கொள்கிறேன், முதலில் இதை முடியுங்கள் என்றாள்.

சின்னவர் சுத்தியலை எடுத்தார். யோசிக்கவே இல்லை, கை பழக்கம். சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார்.

"என்ன தம்பி, சும்மா தட்டுறீங்க?"

"ஒரு தட்டுன்னா இழுக்கணும் அண்ணி. ரெண்டுன்னா விடணும். எங்களுக்குள்ள அப்படித்தான்."

அண்ணி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "பேசாமலே எப்படித்தான் வேலை ஓடுதுன்னு நானும் மண்டையை உடைச்சுக்குவேன். இதுவா சங்கதி? அவர் ஒரு நாளும் சொன்னதில்லை." நாடாவை இழுத்துப் பிடித்தபடியே கேட்டாள். "அன்னிக்கும் தட்டினாரா?"

"தட்டினார்."

"இழுக்கச் சொல்லியா, விடச் சொல்லியா?"

சின்னவர் வாயில் ஆணி எதுவும் இல்லை. இருந்திருந்தால் சாக்காகப் போயிருக்கும். "ரெண்டும் இல்ல அண்ணி. தட்டிக்கிட்டே இருந்தார்."

"அப்புறம்தான் தண்ணி கேட்டாரா?"

"கேக்கல அண்ணி."

நாடா கொஞ்சம் தளர்ந்தது.

"கேக்கல. ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை பேசல. நான் தண்ணியும் குடுக்கல. வாயில ஆணி இருந்துச்சு அண்ணி. எல்லாம் முடிஞ்சப்புறம் நான்தான் விரலை விட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன். அவர் தட்டினது எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. வேணும்னா வாயைத் திறந்து கேக்கட்டும்னு நான் திரும்பாம இருந்தேன். மெஷினை வேகமா ஓட்டினேன், கேக்கக் கூடாதுன்னு."

"என்னைச் சாப்பிட்டாளான்னு கேட்டது?"

"அது நான் சொன்னது."

வெளியே தூறல் நின்று, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. அண்ணி நாடாவை விடவில்லை. விடவேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கடைசியில், "எப்படித் தட்டினார்? தட்டிக் காட்டுங்க," என்றாள்.

சின்னவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் தட்டினார். சேர்ந்தாற்போல், தாறுமாறாக, நிறுத்தாமல். கை தானாக ஓய்கிற வரைக்கும் தட்டினார்.

"கட்டில்ல தட்டுவார் இப்படி," என்றாள் அண்ணி. குரலில் அழுகை இல்லை. "நான் பின்கட்டுல வேலையா இருந்தா என்னைப் பேர் சொல்லியா கூப்பிடுவார்? கட்டில் சட்டத்தை இப்படித் தட்டுவார், நான் போய் நிக்கிற வரைக்கும். கூப்பிடுறது அது. உங்களைக் கூப்பிட்டிருக்கார் தம்பி. நீங்க போகல."

நாடா அவள் கையிலிருந்து நழுவிச் சட்டத்தில் விழுந்தது. குடையை எடுக்காமலே படியிறங்கிப் போனாள்.

சின்னவர் ரேடியோவைப் போடவில்லை. மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டால் லேசாகிவிடும் என்பார்களே, அது பாதி நிஜம். மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. ஆனால் அதை வெட்கமில்லாமல் அனுபவிக்க முடியவில்லை. அடுத்த சந்துப் பக்கம் போகக் கால் வரவில்லை. அங்கிருந்து அவரைத் தேடி யாரும் வரவும் இல்லை. குடை வாசலில் சாய்ந்தபடியே காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர், என்னய்யா மறுபடியும் பேச்சு வார்த்தை நின்றுபோச்சா, உங்கள் குடும்பத்துக்கே இது ஒரு வியாதியா என்று கேலியாகக் கேட்டார். சின்னவர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். பாழாய்ப்போன அந்த மனுஷன் தனக்கே தெரியாமல் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

வெயிலடித்த ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள், கையில் பழைய கேரியரோடு. சின்னவர் மெஷினிலிருந்து எழுந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மேஜைமேல் கேரியரை வைத்தாள். மூலையில் கிடந்த பல் டாக்டர் சோபாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"சாப்பாடு கொண்டுவந்திருக்கு. கையைக் கழுவிட்டுச் சாப்பிடணும். பாத்திரம் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சோபாவிடம் பேசிப் பேசித்தான் ஒரு மனுஷனைத் தொலைத்தாயிற்று. இனி மிச்சமிருக்கிற ஒருத்தியும் சோபாவிடமே பேசிக் காலத்தை ஓட்டுவாளா? முன்பு இதற்குச் சின்னவர் என்ன செய்திருப்பார்? மெஷினைப் பார்த்து, பசியில்லை என்று சொல்லியிருப்பார். அப்படியே இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். இப்போது செருப்புக்கூடப் போடாமல் ஓடி வாசற்படியில் அவளை மறித்தார்.

"அண்ணி, என்கிட்ட சொல்லுங்க."

அவள் விலகிப் போகப் பார்த்தாள்.

"என்னைத் திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க, காட்டிக்கிட்டு நிக்கிறேன். இனிமே வாசல்ல வந்து நிக்காதேன்னு சொன்னாலும் சரி, போயிடுறேன். ஆனா என் முகத்தைப் பார்த்து என்கிட்டயே சொல்லுங்க. சோபாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. தாங்க முடியல."

அண்ணி நின்றாள். இத்தனை வருஷத்தில் அவரை நீங்க என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை அவள்.

"உனக்கு இப்ப நிம்மதியா இருக்கா?" என்றாள். "சொல்லு. பாரத்தை இறக்கி வெச்சுட்டியே, இருக்கா நிம்மதி? நான் ஒரு வாய்த் தண்ணியை வெச்சுக்கிட்டு நாளை ஓட்டிக்கிட்டிருந்தேன். காலையில எழுந்ததும் அதைத்தான் நினைப்பேன். தாகத்தோட போகல, தம்பி கையால குடிச்சுட்டுத்தான் போனார்னு. அதையும் பிடுங்கிட்டியே. பொய்யைக் குடுத்தவனும் நீ, பிடுங்கினவனும் நீ. உன்னை யார் பொய் சொல்லச் சொன்னது? சரி, சொன்னே. சொன்னதைச் சாகிற வரைக்கும் காப்பாத்தத் தெரியாதா உனக்கு?"

டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை பண்ணவில்லை.

"ஒரு தையலுக்காக! ஒரு தையலைப் பிரிச்சாராம், இவருக்கு ரோஷம் வந்துடுச்சாம். அவர் மட்டும் என்ன ஒழுங்கு? வீட்டுக்கு வந்து, அவன் கை சுத்தம், என் கையைவிட சுத்தம், அன்னிக்கு வாய் தவறிடுச்சுன்னு என்கிட்ட புலம்புவார். போய் அவன்கிட்ட சொல்லுங்களேன்னா, எப்படிச் சொல்றதுன்னு தலையைச் சொறிவார். நான் வந்து சொல்லியிருக்கணும். தானா சரியாயிடும் சரியாயிடும்னு ரெண்டு பேருக்கும் சோத்தைக் கட்டிக் கட்டி அனுப்பிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னை எதால அடிக்கிறது? நீ திரும்பியிருந்தா அவர் பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. எந்த டாக்டர் சொன்னாலும் இனிமே என் மனசு கேக்காது. ஆனா திரும்பியிருந்தா அவர் உன் முகத்தையாவது பார்த்திருப்பார். சுவத்தைப் பார்த்துட்டிருந்தியே, பாவி. கூப்பிட்டிருக்காரே உன்னை."

இன்னும் என்னென்னவோ சொன்னாள். மெஷினைத் திருப்பிப் போட்டதைச் சொன்னாள், அண்ணன் வாங்கி வந்த புதுச் சட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியதைச் சொன்னாள், அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ரெண்டு பேரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தலையணையிடம் பேசியதைச் சொன்னாள். சின்னவர் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவள் வேறு எதையோ பார்த்துப் பேச வேண்டிவரும் என்று பயந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் நிமிர்ந்து முகத்திலேயே வாங்கிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அண்ணன் போனதற்கு அன்றைக்குத்தான் அழுதார். அதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

கடைசியில் அவளுக்கே மூச்சு வாங்கியது. வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சின்னவர் உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது என்னவென்று ரெண்டு பேருக்கும் உறைத்தது. அண்ணி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் வாங்கவில்லை. சின்னவரும் கையை இறக்கவில்லை. பிறகு வாங்கிக் குடித்தாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

"இன்னும் இருக்கா அண்ணி?" என்று கேட்டார் சின்னவர்.

"தண்ணியா?"

"திட்டுறதுக்கு."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கு. நிறைய இருக்கு. நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வா, மிச்சத்தைச் சொல்றேன்," என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "வரும்போது கேரியரைக் கழுவி எடுத்துட்டு வா."